வெறும் கைப்பிடி

எங்கள் பனிச்சறுக்குக் கூட்டாளிகளிடையே பெட்டி கட்டும் விஷயத்தில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. எது கையோடு, எது செக்-இன்னில், எது வீட்டிலேயே கிடக்கட்டும் என்று என்னைக் கேட்காமல் அவர்கள் மியூனிக்கை விட்டுக் கிளம்புவதில்லை. இந்தப் பதவியை யாரும் எனக்குத் தரவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். மற்ற மூவரும் நடை பழகிய வயதிலேயே ஸ்கீயும் பழகியவர்கள். நானோ மதுரைக்காரன். வேலைக்கு ஜெர்மனி வரும்வரை பனி என்றால் எனக்கு ஃபிரிட்ஜின் மேல்பெட்டியில் கரண்டியால் சுரண்டுகிற சமாச்சாரம். சரிவில் இவர்களை எட்டிப்பிடிப்பது இந்த ஜென்மத்தில் ஆகாது என்று தெரிந்ததும், விதிமுறைகளிலாவது ஒரு படி மேலே நின்றுகொள்ளலாம் என்று தோன்றியது. ஆகவே நான் சொல்லப்போகும் தப்பை அறியாமல் செய்துவிட்டதாக நினைத்து யாரும் இரக்கப்பட வேண்டாம். எந்த விதியை மீறினேனோ, அதை மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவனே நான்.

பாடம் இப்படிப் போகும். ஸ்கீ காலணியைக் கையோடு எடுத்துப் போ, எவ்வளவு கனத்தாலும் சரி. ஸ்கீ வந்து சேராவிட்டால் போன ஊரில் வாடகைக்கு எடுக்கலாம். உன் பாதத்துக்கென்று சூடுபடுத்தி வார்த்த காலணி எங்கும் கிடைக்காது. ஸ்கீ, ஊன்றுகோல், பனிக்கோடரி, காலணிக்கடியில் மாட்டும் முள்தகடு, ஷவல், புதைந்தவரைப் பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பி எல்லாம் செக்-இன்னில்தான். 457 கிலோஹெர்ட்ஸில் ‘இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்’ என்று ஓயாமல் துடிக்கும் டிரான்ஸீவரை மட்டும் கையோடு வை. ஆனால் அணைத்து, பேட்டரியைக் கழற்றி, தட்டில் தனியாக எடுத்து வை; பட்டைகள் சுற்றிய, உள்ளே ஒயர் ஓடும் டப்பாவை எக்ஸ்ரே திரையில் பார்ப்பவர் சும்மா விடமாட்டார். உபரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் ஒருபோதும் செக்-இன்னில் போகக் கூடாது. 100 வாட்-மணி வரை கேள்வியில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேம்ப் அடுப்புக்கான கேஸ் டப்பா எங்கேயும் கூடாது, போய் இறங்கி வாங்கிக்கொள். ஸ்கீயின் அடியில் தேய்க்கும் மெழுகுக் கட்டி போகலாம். அந்த மெழுகைக் கரைத்துத் துடைக்கும் பாட்டில் தீப்பிடிக்கிற சரக்கு, அது வீட்டிலேயே இருக்கட்டும்.

இத்தனையும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஏர்பேக்குக்கு வருவேன். அங்கேதான் எனக்குக் கூடுதல் மதிப்பு.

பனிச்சரிவு ஏர்பேக் பார்ப்பதற்குச் சாதாரண முதுகுப்பைதான். தோள்பட்டையில் ஒரு கைப்பிடி, என்னுடையது சிவப்பு. காலடியில் பனி உடைந்து நகரத் தொடங்கியதும் அதை இழுத்தால், உள்ளே இருக்கும் உருளையிலிருந்து அழுத்தக் காற்று பாய்ந்து சில நொடிகளில் 150 லிட்டர் அளவுக்கு ஒரு பலூன் தலைக்குப் பின்னால் விரியும். காற்று இலேசானது, அதனால் ஆள் மிதக்கிறான் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் பருமன். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் கடலை மேலே வந்து தூள் அடியில் போய்ச் சேருகிறதே, அதே கணக்குதான்: ஓடும் பனி என்பது குலுங்கும் துகள்களின் கூட்டம், அதில் பெரிய உருப்படி மேலே தள்ளப்படும். எழுபதுகளில் பவேரிய மலையில் வேட்டையாடிய விலங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வனக்காவலர் ஒருவர், பனிச்சரிவில் சிக்கியும் புதையாமல் மேலேயே இருந்ததைக் கவனித்தார் என்பார்கள். அந்த யோசனையை வாங்கிய பேட்டர் ஆஷாவர் 1985-இல் ஏபிஎஸ் என்ற பெயரில் மியூனிக் பக்கத்திலிருந்து அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வந்து குடியேறிய ஊர் என்றாலும் ஊர்ப்பெருமை விடுமா, இந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

விமானத்துக்கும் அழுத்த உருளைக்கும் ஆகாது. ஆனால் இந்தப் பைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் அபாயப் பொருள் விதிகளில், பயணிகள் எதையெல்லாம் எடுத்துச் செல்லலாம் என்று சொல்லும் 2.3.ஏ அட்டவணையில், பனிச்சரிவு மீட்புப் பைக்கென்றே தனி வரிசை இருக்கிறது. ஆளுக்கு ஒன்று. உருளையில் தீப்பற்றாத, நச்சில்லாத வாயுதான் இருக்கலாம். சில பைகளில் கைப்பிடியை இழுத்ததும் துளி வெடிமருந்து வெடித்துத்தான் உருளை திறக்கும்; அந்த மருந்து 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. (என்னுடையதில் வெறும் கம்பி இழுவைதான்.) தவறி இழுபடாதபடி கட்டியிருக்க வேண்டும், பலூனில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இருக்க வேண்டும். கையோடும் போகலாம், செக்-இன்னிலும் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை, விமான நிறுவனம் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தச் சலுகையை நம்பிப் போனால் கதை கந்தல்: அங்கே சோதனையில் உருளை காலியாக, வால்வைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குள் பறப்பவருக்கு அந்த வம்பில்லை. கேட்டால் போதும்.

கேட்டால் போதும் என்று ஊருக்குச் சொன்ன நான் கேட்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் கை போகிறது. மறக்கவில்லை. முன்பு ஒருமுறை வேறொரு நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டேன். நான் என்ன சொல்கிறேன் என்பதே அந்தப் பக்கம் இருந்தவருக்குப் புரியவில்லை. நெடுநேரம் இசையைக் கேட்க வைத்துவிட்டு, கடைசியில் முடியாது என்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் உருளையைக் கம்பளிச் சட்டையில் சுருட்டி ஸ்கீ பைக்குள் போட்டு அனுப்பினேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அதிலிருந்து கேட்பதுதான் ஆபத்து, கேட்காமல் இருப்பதுதான் பத்திரம் என்று மனசு பழகிவிட்டது. கேட்டு, அவர்கள் மறுத்து, அப்புறம் கொண்டுபோனால் அது திருட்டு. கேட்காமலே கொண்டுபோனால் அதை மறதிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொன்னால் எனக்கு அனுதாபம் கிடைக்கும் என்பதால் சொல்லத் தயங்குகிறேன். என் பெயரும் உச்சரிப்பும் கொண்ட ஒருவன் ஜெர்மன் மொழியில் தடுமாறிக்கொண்டே ‘அழுத்த உருளை’ என்று தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் என்ன ஓடும் என்ற கூச்சம். அந்தக் கூச்சம் பொய்யில்லை. ஆனால் அதே பெயர்க்காரன் அதே உருளையைச் சட்டைக்குள் ஒளித்து வைத்துப் பிடிபட்டால் என்ன ஓடும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், அந்தக் கூச்சத்தை நான் சாக்காகப் பயன்படுத்துகிறேன் என்பது அப்போதே விளங்கியிருக்கும்.

போன வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு நோர்வேயின் வடக்கே லிங்கன் மலைகளுக்குப் போவதாகத் திட்டம். மற்ற மூவரும் முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். எனக்கு அலுவலகத்தில் ஒரு வேலை முடியாமல், பெரிய வியாழன் அன்று தனியாகக் கிளம்பினேன். முந்தின இரவு கைப்பேசியில் செக்-இன் செய்யும்போது அபாயப் பொருட்களின் படங்கள் வரிசையாக வந்தன, அவற்றில் உருளையின் படமும் இருந்தது. ‘இவற்றில் எதுவும் என்னிடம் இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டேன். தொட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

ஸ்கீ பை நீளமானது, மற்றப் பெட்டிகளோடு பட்டையில் போகாது. பெரிய சாமான்களுக்கென்று தனி மூலை இருக்கும்; அங்கேயே எக்ஸ்ரேயில் விட்டு, சரியென்று சொல்லும்வரை நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். பட்டை நின்றது. பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. சோதனை அதிகாரி, என் அம்மா வயதிருக்கும், ஜிப்பைத் திறந்து கம்பளிச் சட்டையை எடுத்து மேசையில் வைத்து மெதுவாகப் பிரித்தார். அதற்குள்ளிருந்து உருளை வெளியே வந்தபோது, சட்டை எவ்வளவு கவனமாகச் சுற்றப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கே பளிச்சென்று தெரிந்தது. மறதிக்காரன் அப்படிச் சுற்றமாட்டான்.

விமான நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வந்து என் டிக்கெட்டைக் கணினியில் பார்த்தார். அனுமதிக் குறிப்பு எதுவும் இல்லை. இப்போது கேட்க முடியுமா என்றேன். விமானம் கிளம்ப முக்கால் மணி நேரம்கூட இல்லை. அதிகாரி கோபப்படவில்லை. “முன்பே கேட்டிருந்தால் இது போயிருக்குமே” என்றார். எனக்கு அது தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உருளையை வைத்துக்கொண்டார்கள். பையும் பலூனும் சிவப்புக் கைப்பிடியும் என்னோடு வந்தன.

இதுவரை நடந்தது அசட்டுத்தனம். பணமும் மானமும் போனதோடு தீர்ந்திருக்க வேண்டியது. வாக்குமூலம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ட்ரொம்சோ விமான நிலையத்தில் என்னை அழைத்துப் போகக் குழுவின் பள்ளி ஆசிரியர் வந்திருந்தார். ஸ்கீ பையைக் காரின் மேலே கட்டிக்கொண்டே, “நீ சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று தெரியுமா?” என்றார். என் பாடத்தைக் கேட்டு அவர் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார், அவர்கள் சரியென்று பதில் போட்டிருக்கிறார்கள், அதை அச்சிட்டுப் பையில் வைத்திருந்திருக்கிறார். “காட்டினேன், இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். உன்னுடையது?”

“பிரச்சினை இல்லை” என்றேன்.

அந்த வாக்கியத்தைத் திட்டமிட்டுச் சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்த நன்றியைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது. ஆனால் அதைத் திரும்பப் பெற எனக்குக் கிடைத்த அவகாசத்துக்குக் குறைவில்லை. பிரைவிக்ஐடெட்டில் படகுக்குக் காத்திருந்தபோது சொல்லியிருக்கலாம். ஸ்வென்ஸ்பியில் இறங்கியபோது சொல்லியிருக்கலாம். வாடகை வீட்டில் நால்வரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவின் மூத்தவரான தச்சர் நாளைய வழியை வரைபடத்தில் காட்டினார்; அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், ஒரு வருடத்துக்குக் கிண்டல் செய்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கிண்டலுக்குத்தான் பயந்தேன். நான்கு பேரில் எனக்கென்று இருந்த ஒரே துறை அது.

நோர்வேயில் பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் கடைகள் அடைப்பு. சனிக்கிழமை அரைநாள் திறப்பார்கள். ட்ரொம்சோவில் ஏதாவது ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் என் பைக்குப் பொருந்தும் உருளை வாடகைக்குக் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். நான் தொலைபேசியில்கூட விசாரிக்கவில்லை. படகேறி நகரத்துக்குப் போவதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டுமே.

காலையில் ஸ்கீ மாட்டியதும் ஒரு சடங்கு உண்டு. தச்சர் சற்றுத் தள்ளிப் போய் நிற்பார். நாங்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போவோம். ஒவ்வொருவரின் டிரான்ஸீவரும் பேசுகிறதா என்று தன் கருவியில் பார்ப்பார். பிறகு “கைப்பிடி!” என்று ஒரு குரல். ஏர்பேக் வைத்திருப்பவர்கள் தோள்பட்டை ஜிப்பைத் திறந்து, உள்ளே மடிந்திருக்கும் கைப்பிடியை வெளியே இழுத்துவிட வேண்டும். டிரான்ஸீவரைச் சோதிப்பது போல உருளையின் முள்ளை யாரும் சோதிப்பதில்லை, அது அவரவர் பொறுப்பு. செவிலியாக வேலை பார்க்கும் தோழி தன்னுடையதை இழுத்துவிட்டாள். அவளுடையது மின்விசிறியால் ஊதும் பை. உருளையே இல்லாத இந்த வகை 2014-இல் ஜெட்ஃபோர்ஸ் என்ற பை வந்த பிறகு பெருகிவிட்டது. லித்தியம் பேட்டரிக்குப் பதிலாக மின்தேக்கியில் ஓடும் பைகளும் இப்போது உண்டு, விமான நிலையத்தில் அவற்றைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. ஆசிரியர் தன்னுடையதை இழுத்துவிட்டார். நானும் இழுத்துவிட்டேன். உருளை இருக்க வேண்டிய இடத்தில் என் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தது.

அன்று நோர்வே அரசின் பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் மூன்றாம் நிலை. காற்று அடித்துக் குவித்த பனிப்பாளங்கள் சில திசைகளில் இன்னும் ஒட்டவில்லை என்று போட்டிருந்தது. லிங்கனில் மலையுச்சியிலிருந்து கடல்வரை சறுக்கிக்கொண்டே வரலாம், அதற்காகத்தான் உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் மேலே நின்ற இடத்தில் இரண்டு வழிகள். ஒன்று சாதுவான முதுகு, வந்த வழியே திரும்புவது. இன்னொன்று முப்பது பாகைக்கு மேல் சாய்ந்த ஒரு வாய்க்கால், பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். தச்சர் பனியைத் தோண்டிப் பார்த்தார், வெகுநேரம் யோசித்தார். அவரிடம் ஏர்பேக் இல்லை. விலை கட்டுப்படியாகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர். பிறகு எங்களைப் பார்த்து, “மூன்று பேரிடம் பை இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொருவராகப் போகலாம்” என்றார். பாளம் உடைவதானால் பெரும்பாலும் முதலில் இறங்குபவரின் கனத்தில்தான் உடையும், ஆகவே ஏர்பேக் உள்ளவர் முதலில். என்னைக் காட்டினார். “நீ முதலில்.”

அவர் எண்ணிய மூன்றில் ஒன்று இல்லை என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. குனிந்து காலணிக் கொக்கியைத் தொட்டேன். “முழங்கால் ஏதோ பிடித்துக்கொண்டது. வேறு யாராவது முதலில் போகட்டும்.”

செவிலித் தோழி ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “நீ கடைசியில் மெதுவாக வா” என்று என் தோளில் தட்டிவிட்டு இறங்கினாள்.

அவள் கீழே போய்ச் சேர எடுத்த நேரம் முழுக்க எனக்கு மனப்பாடமான எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1994-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சுவிஸ் கணக்கு அது: புதைந்தவர்களை 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள், 35 நிமிடத்தில் மூன்று பேர். அவள் இடத்தில் நான் போயிருக்க வேண்டும், அல்லது யாருமே போயிருக்கக் கூடாது. அவளிடம் உண்மையான பை இருக்கிறது, என்னைவிட அவள் முதலில் போவதுதான் நியாயம் என்றும் ஒரு குரல் உள்ளே வாதாடியது. அந்த நியாயத்தை அவளிடம் சொல்லிவிட்டு அனுப்பியிருந்தால் சரி. உண்மை தெரிந்திருந்தால் நாலில் இரண்டு பேரிடம் பை இல்லை என்று எண்ணியிருப்பார் தச்சர், அந்த வாய்க்காலையே மறந்திருப்போம்.

பனி நகரவில்லை. ஆசிரியர் போனார், தச்சர் போனார், நான் போனேன். எல்லோரும் கத்திக் கொண்டாடினார்கள்.

அன்று மாலை தோழி தன் மருந்துப் பையை எடுத்து வந்து என் முழங்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். ஓர் இடத்தைச் சொன்னேன். நல்ல முழங்காலுக்கு அழகாகப் பட்டை ஒட்டிவிட்டாள். நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் எந்தக் காலை இழுத்து நடக்க வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு சமாதானம் தேடினேன். 2014-இல் பாஸ்கல் ஹேகலியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பழக்கமானது: கடுமையாகச் சிக்கியவர்களில் ஏர்பேக் விரியாதவர்களின் இறப்பு 22 சதவீதம், விரிந்தவர்களுக்கு 11. அதே ஆய்வு, ஐந்தில் ஒருவருக்குப் பை விரியவே இல்லை என்றும் சொல்கிறது, பாதிக்கு மேல் அணிந்தவர் இழுக்காததால்தான். பார், இருந்தாலும் பயன்படாமல் போயிருக்கலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். எவ்வளவு நேர்மையான எண்ணையும் வக்கீலாக வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்புறம் இயன் மெக்கேமன் 2004-இல் எழுதியதை எடுத்து வைத்துப் படித்தேன். அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அலசி, விவரம் தெரிந்தவர்களே எந்தெந்த மனப் பொறிகளில் விழுகிறார்கள் என்று அவர் பட்டியலிட்டிருக்கிறார். பழகிய இடம் என்ற துணிச்சல், குழுவில் நல்ல பேர் வாங்கும் ஆசை, தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. நல்ல பேர் வாங்கும் ஆசை என்ற இடத்தில் நின்று கொஞ்சம் நிம்மதி அடைந்தேன், நமக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று. ஆனால் அவர் சொல்வது அந்த ஆசையால் ஆபத்தில் இறங்குபவனைப் பற்றி. நான் அந்த ஆசையால் இன்னொருத்தியை இறக்கிவிட்டேன்.

மூவரிடமும் இன்றுவரை சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுதுகிறேன் என்பதையும் சேர்த்துத்தான் என்னை எடைபோட வேண்டும். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. என் பெயரைத் தேடி இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாலும், எழுத்து வட்டம் வட்டமாக அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்தக் குளிர்காலம் மறுபடி லிங்கன். புதிய உருளை வாங்கியாயிற்று. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே நிறுவனத்துக்கு எழுதினேன்; மாதிரிப் பெயர், வாயுவின் வகை, உருளையின் எடை என்று அவர்கள் கேட்காததையும் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது, சம்மதம், இரண்டே வரி. அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பையிலும் ஒன்றைக் கடவுச்சீட்டுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் பார்த்துவிட்டார். நீதான் இதில் ஊறியவனாயிற்றே, உனக்கு எதற்கு இவ்வளவு எச்சரிக்கை என்று கேட்டார்.

“போன வருடம் யாரையோ நிறுத்திப் பிடுங்கிக்கொண்டார்களாம். அதனால்தான்” என்றேன்.